நூல் கட்டிய பக்கம்

ஒரு விடுகதை போடுகிறேன், பதில் சொல்லுங்கள் பார்ப்போம். வெட்டினால் வலிக்காது, பிடித்து இழுத்தால் வலிக்கும். அதற்கு உயிர் கிடையாது, ஆனால் வளரும். வாயும் கிடையாது, ஆனால் போன வருஷம் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லிவிடும். அது என்ன?

யோசியுங்கள் தாயி, அவசரமில்லை. உசிலம்பட்டியில்தானே இறங்க வேண்டும்? பஸ் இப்போதுதான் தேனியைத் தாண்டுகிறது. கைக்குழந்தையோடு ஓரத்தில் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? ஜன்னல் பக்கம் வாருங்கள், பையனுக்குக் காற்று வரும்.

ஆமாம், முடிதான். சரியாகச் சொன்னீர்கள். நான் முப்பது வருஷம் பால்வாடி டீச்சர். பேர் தனபாக்கியம். என் பிள்ளைகள் முதல் வரியிலேயே "முடி டீச்சர்!" என்று கத்திவிடும். அந்த வாய் கிடையாது என்கிற வரி மட்டும் நான் புதிதாகச் சேர்த்தது. இந்த வருஷம் கோர்ட்டில் கற்றுக்கொண்டது.

உங்கள் சுண்டுவிரலைக் காட்டுங்கள். அந்த நகத்தின் அகலம் இருக்கிறதே, ஏறக்குறைய அவ்வளவுதான் ஒரு மாதத்தில் முடி வளரும். நாம் சாப்பிடுவது ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் முடியின் வேருக்குப் போகிறது. வேர் அந்த மாதம் முளைக்க வைக்கிற துண்டுக்குள் அதையும் சேர்த்து வைத்துவிடுகிறது. அடுத்த மாதம் புதுத் துண்டு முளைத்து, பழைய துண்டை முன்னால் தள்ளும். ரயில் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தலைதான் ஸ்டேஷன். முதலில் கிளம்பிய பெட்டி தூரத்தில் நிற்கும், அதுதான் நுனி. கடைசியாகக் கிளம்பிய பெட்டி ஸ்டேஷனை ஒட்டி நிற்கும். பெட்டி பெட்டியாக வெட்டி மெஷினில் கொடுத்தால் எந்த மாதம் உடம்புக்குள் என்ன போனது என்று சொல்லிவிடுவார்கள். எஸ்தர் மேடம் கோர்ட்டில் இங்கிலீஷ் கலந்து சொன்னதை நான்தான் ரயிலாக மாற்றிக்கொண்டேன். அந்த மேடம் ஆய்வகத்தில் முடியைச் சோதிக்கிற அதிகாரி. நல்ல மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன்.

இவ்வளவும் எதற்கு என்றால், என் தங்கச்சி மகள் மிருதுளா யாரிடம் வளர்வது என்பதற்கு. என்னிடமா, அவள் அப்பனிடமா? வழக்கு அது ஒன்றுதான். ஒன்பது வயசுப் பிள்ளை.

என் தங்கச்சி ராஜிக்கு வயிற்றில் கட்டி. போன வருஷம் சித்திரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அம்மா பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மிருவுக்கு மொட்டை போட்டோம். மொட்டைத் தலையோடுதான் அந்தப் பிள்ளை அம்மாவுக்குக் கொள்ளி வைக்கிறதைப் பார்த்தது. அப்பன் பேர் குருநாதன். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. "மதினி, எனக்கு எதுவும் ஓடல. பிள்ளையைக் கொஞ்ச நாள் நீங்க வச்சுக்கங்க" என்றான். வைத்துக்கொண்டேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? என் வீட்டுக்காரர் போய் எத்தனையோ வருஷம். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

மிரு தூங்க மாட்டாள். "அம்மா எங்க?" என்று கேட்கவும் மாட்டாள். கேட்டாலாவது பதில் சொல்லலாம். கண்ணைத் திறந்துகொண்டு விட்டத்தைப் பார்த்தபடியே கிடப்பாள். பகலில் யாரைக் கண்டாலும் கடிப்பாள், பிறாண்டுவாள். எத்தனை கதை சொன்னேன், எத்தனை பாட்டு பாடினேன். ஊரான் பிள்ளைகளை எல்லாம் மத்தியானம் படுக்கப் போட்டுத் தூங்க வைத்தவளுக்கு, தன் வீட்டுப் பிள்ளையைத் தூங்க வைக்கத் தெரியவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய அவமானம்?

அப்போதுதான் போனில் ஒரு விளம்பரம் பார்த்தேன். தூக்கச் சொட்டு. மூலிகைதான் தாயி. சின்னக் கண்ணாடிக் குப்பி, மேலே பச்சை இலை படம், இலைக்குப் பக்கத்தில் ஒரு பிறை நிலா. எழுத்து தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. வெளிநாட்டுச் சரக்கு. கூரியரில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. பாலில் ஒரு சொட்டு. பிள்ளையிடம் மருந்து என்று சொன்னால் முகத்தைத் திருப்பும் அல்லவா, அதனால் 'நிலாப் பால்' என்று பேர் வைத்தேன். நிலா பாலுக்குள் இறங்கிக் கரைந்துவிடும், குடித்தால் கண்ணுக்குள் போய் விளக்கை அணைத்துவிடும் என்று ஒரு கதையும் கட்டினேன். முதல் நாளே தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஒரு மாதம் போனதும் ஒரு சொட்டு பத்தவில்லை. இரண்டானது, அப்புறம் நான்கானது. பிள்ளை வளர்கிறாள் அல்லவா? கடிப்பது நின்றது. ஓட்டம் சாட்டம் எல்லாம் நின்றது. பள்ளிக்கூடத்து மிஸ்கூட, "மிரு இப்பல்லாம் ரொம்ப அமைதி, சில நேரம் டெஸ்க்லயே சாஞ்சு தூங்கிடுறா" என்றார். வாய்ப்பாடு கொஞ்சம் மறந்துபோனது. தாயைத் தூக்கிக் கொடுத்த பிள்ளை, மறக்காதா?

உங்கள் பையன் ஏன் இப்படிக் கண்ணைக் கசக்குகிறான்? ராத்திரி தூங்குகிறானா? இல்லையா? பாவம், உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இருங்கள், இறங்குவதற்குள் ஞாபகப்படுத்துங்கள், ஒரு நம்பர் தருகிறேன்.

எங்கே விட்டேன்? ஆங், குருநாதன். தங்கச்சி போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை, லோகேஸ்வரி என்று ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். தீபாவளி முடிந்த மறுநாள் இரண்டு பேரும் வாசலில் வந்து நிற்கிறார்கள். "மதினி, பிள்ளையைக் கூட்டிட்டுப் போறோம்." நான் என்ன சொல்ல முடியும்? பெற்றவன். ஒரு பை நிறையத் துணி எடுத்துக் கொடுத்தேன். நிலாப் பாலைப் பற்றி அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? அது எங்கள் வீட்டு ரகசியம்.

அந்த வீட்டுக்குப் போன மூன்றாம் நாளே பிள்ளைக்கு வலிப்பு. என் வீட்டில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் வலிப்பு வந்ததுண்டா? ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வலிப்பாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னை வீட்டுக்குள் விடவில்லை. "நீங்க வந்து போனா அவ ஏங்குறா மதினி" என்றான். அதனால் பள்ளிக்கூடத்துக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன். கை நடுங்கும் பிள்ளைக்கு. கார்த்திகைக் குளிரில் வேர்த்துக் கொட்டும். பென்சில் கீழே விழுந்தால் துள்ளி எழும். ஒரு நாள் வேலிக்கு வந்து, "பெரியம்மா, சுவத்துல எறும்பா ஊருது. நீ பாத்தா ஓடிப்போயிரும். உன் வீட்டுக்கு வரட்டா?" என்று கேட்டது. என் நெஞ்சு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்.

அப்போதுதான் அந்த ஜெகனைக் கவனித்தேன். ஜெகன் என்பது லோகேஸ்வரியின் தம்பி. மொபைல் கடை வைத்திருந்தான், அக்கா வீட்டோடு ஒட்டிக்கொண்டு. அவன்தான் பிள்ளையைப் பைக்கில் கொண்டுவந்து இறக்குவான். கண் இரண்டும் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்திருக்கும். நின்றுகொண்டே கொட்டாவி விடுவான். இந்தக் காலத்துப் பையன்கள் என்னென்னவோ இழுக்கிறார்கள், போடுகிறார்கள் என்று பேப்பரில் வருகிறதே. எனக்குப் புரிந்துவிட்டது.

தை மாதத்துக்கு அப்புறம் நடுக்கம் குறைந்தது. ஆனால் வேறு மாதிரி ஆகிவிட்டாள். இந்தச் சித்திரையில் ராஜிக்கு வருஷத் திதி. அதையொட்டி அவர்கள் குலதெய்வக் கோயிலில் மிருவுக்கு மறுபடி மொட்டை. நானும் போனேன். தாயி, அந்தப் பிள்ளை அங்கே ஆடிய ஆட்டம்! மரத்தில் ஏறுகிறது, ஜெகன் தோளில் தொங்குகிறது, வாய் ஓயாமல் பேசுகிறது. முட்டியில் ரத்தம் வருகிறது, அதைப் பார்த்துச் சிரிக்கிறது. என் வீட்டில் பூ மாதிரி உட்கார்ந்திருந்த பிள்ளை! ஏதோ ஏற்றிவிடுகிற சாமானைக் கொடுத்திருக்கிறார்கள் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு வருஷத்து முடி, எலிவால் மாதிரி ஒரு ஜடை போடுகிற அளவுக்குத்தான் இருந்தது. மொட்டை போடுவதற்கு முன்னால் நானே பின்னி, சிவப்பு நூலால் கட்டி, தலையை ஒட்டி வெட்டி எடுத்துக்கொண்டேன். ராஜி படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று. பிறகு குருநாதனிடம், "மாப்பிள்ளை, லீவுதானே, ஒரு வாரம் அனுப்புங்க" என்றேன். லோகேஸ்வரிக்கு இஷ்டமில்லை. அவன் அனுப்பினான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பழையபடி நிலாப் பால். பழையபடி நான்கு சொட்டு. விடிந்து பார்த்தால் பிள்ளை எழுந்திருக்கவில்லை. உலுக்கினேன், தண்ணீர் தெளித்தேன். உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "என்னம்மா குடுத்தீங்க?"

"பால் சார். வெறும் பால்."

பொய் இல்லையே? மூலிகையைப் போய் யாராவது மருந்துக் கணக்கில் சொல்வார்களா? டீக்கு இஞ்சி தட்டிப் போட்டால் அதையும் சொல்வோமா?

ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் டாக்டர் விடவில்லை. "யாரோ ஏதோ கொடுத்திருக்காங்க" என்று போலீசுக்குச் சொல்லி அனுப்பினார். இன்ஸ்பெக்டர் அம்மா வந்ததும் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், வலிப்பு, எறும்பு, ஜெகனின் கண், மரத்தில் ஏறியது. ஆறு மாதமாக அந்த வீட்டில் ஏற்றி வைத்த விஷம், என் வீட்டுக்கு வந்ததும் தலைக்கு ஏறிவிட்டது என்று சொன்னேன். அவர்களுக்கும் அது சரியாகப் பட்டது. "ரத்தத்துல தெரியலைன்னா முடியில தெரியும். ஆனா மொட்டை போட்டுட்டீங்களே" என்றார் டாக்டர். நான் பையிலிருந்து ஜடையை எடுத்து நீட்டினேன். ராஜியே கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

மிரு பிழைத்துக்கொண்டாள். விசாரணை முடிகிறவரை என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள்.

முதலில் முடியிலும் ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. ஜெகன் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்து, "என்ன டீச்சரம்மா, ஜடை என்ன சொல்லுச்சு?" என்று கேட்டான், நக்கலாக. இரு மகனே என்று நினைத்துக்கொண்டேன்.

இதை நன்றாகக் கேளுங்கள், இதுதான் அதிசயம். அந்த மெஷினிடம் ஒரு பட்டியல் இருக்குமாம். கஞ்சா, அபின், தூக்க மாத்திரை என்று. பட்டியலில் இருப்பதைத்தான் 'இருக்கிறது' என்று சொல்லும். இப்போது சில பேர் என்ன செய்கிறார்கள் என்றால், தூக்க மாத்திரையின் உள்ளமைப்பில் ஒரு மூலையை மட்டும் மாற்றிப் புதுசு புதுசாகப் பண்ணுகிறார்கள். குணம் அதேதான், சில சமயம் பத்து மடங்கு. பேர் கிடையாது. பேர் இல்லாததைச் சட்டத்தால் பிடிக்க முடியாது, மெஷினாலும் பிடிக்க முடியாது. ஆனால் மெஷின் ஒரு காரியம் செய்யும். பேர் தெரியாவிட்டாலும், பார்த்தது எல்லாவற்றையும் அப்படியே சேர்த்து வைத்திருக்கும். நான்கு மாதம் கழித்துப் புதுப் பட்டியல் வந்ததாம். எஸ்தர் மேடம் பழைய பதிவுகளை எல்லாம் மறுபடி தேடியிருக்கிறார். எங்கள் மிருவின் ஜடையில் ஒன்று எழுந்து நின்றது.

கோர்ட்டில் வந்து சொன்னார். சொன்னதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "ஒரு வருஷ முடி. சிவப்பு நூல் கட்டின பக்கம் வேர்ப் பக்கம். அந்தப் பக்கத்துல பாதி வரைக்கும் மருந்து இருக்கு. மறு பாதியில இல்ல." அப்படியென்றால் என்ன? கடைசி ஆறு மாதம். தீபாவளியிலிருந்து சித்திரை வரை. யார் வீடு? ஜட்ஜ் அம்மா குருநாதனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! லோகேஸ்வரி, "சாமி சத்தியமா நாங்க எதுவும் குடுக்கல" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொள்ளட்டும். போலீஸ் ஜெகன் கடையைக் கவிழ்த்துப் பார்த்தது. புகை இழுக்கிற, பேனா மாதிரி ஒரு சாமான் கிடைத்தது. போதாதா? அன்றைக்கே உள்ளே வைத்தார்கள். குருநாதன் என் காலில் விழுந்தான். "மதினி, அவன் அப்படிப்பட்டவன் இல்ல மதினி." நான் காலை இழுத்துக்கொண்டேன்.

கோர்ட்டுக்கு இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி இருந்தது. அந்த வீட்டை விட்டு வந்த பிறகு பிள்ளை உடம்பில் மருந்து நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். மொட்டைக்குப் பிறகு வளர்ந்த முடியில் கொஞ்சம் எடுத்துச் சோதித்து, இல்லை என்று வந்துவிட்டால் மிரு எனக்குத்தான். இருக்காது என்று எனக்குத் தெரியும். நான் என்ன விஷமா வைக்கிறேன்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஜாக்கிரதையாக மறுபடி ஒரு சொட்டிலிருந்துதான் தொடங்கினேன்.

போன கார்த்திகையில் எஸ்தர் மேடமே வந்தார், ஒரு பெண் போலீஸோடு. இப்படி ஒரு மருந்து முடியிலிருந்து எப்படிக் குறைகிறது என்று அவருக்கும் பார்க்க வேண்டுமாம். காபி போட்டுக் கொடுத்தேன். மிரு பள்ளிக்கூடம் விட்டு வந்து சோபாவில் சாய்ந்திருந்தாள். மேடம் அவளைத் திருப்பி உட்கார வைத்து, உச்சிக்குப் பின்னால் பென்சில் கனத்துக்கு ஒரு கற்றையைப் பிரித்தார். வெட்டுவதற்கு முன்னால் தலையை ஒட்டி ஒரு வெள்ளை நூலைக் கட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன மேடம் இப்படிக் கட்டுறீங்க? தலைப்பக்கமா யாராச்சும் நூல் கட்டுவாங்களா?"

"வேர்ப் பக்கம் எதுன்னு தெரியணும்ல டீச்சர். அதுக்குத்தான்."

"ஜடைன்னா நுனியிலதான் கட்டணும். முப்பது வருஷமா பிள்ளைகளுக்குப் பின்னி விட்டவ சொல்றேன். அன்னைக்குக்கூட நுனியிலதான அழகாக் கட்டிக் குடுத்தேன், செவப்பு நூல்ல."

கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

"நுனியிலயா?"

"பின்ன? நுனியில கட்டலைன்னா பின்னல் நிக்குமா?"

"ஜடையை வாங்கினப்போ உங்ககிட்ட யாருமே கேக்கலையா, எந்தப் பக்கம்னு?"

"இதைக் கேக்கணுமா மேடம்? உலகத்துக்கே தெரியுமே."

அந்த அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். பெண் போலீஸ், "என்னாச்சு மேடம்?" என்றாள். "நான் மாசத்தை எல்லாம் தலைகீழா படிச்சிருக்கேன்" என்றார். "கட்டின பக்கத்தை வேர்னு எடுத்துக்கிட்டேன். முடியோட செதில் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல. நூலை நம்பிட்டேன். மருந்து இருந்தது கடைசி ஆறு மாசம் இல்ல, முதல் ஆறு மாசம்."

முதல் ஆறு மாதம் என்றால் என் வீடாம். எப்படி இருக்கிறது கதை? ரயிலைத் திருப்பி நிறுத்தினால் ஸ்டேஷன் மாறிவிடுமா? நான் இதைத்தான் கேட்டேன். அவர் பிள்ளை பக்கம் திரும்பினார்.

"மிரு, ராத்திரி படுக்கப் போறப்ப என்ன சாப்பிடுவ?"

"நிலாப் பால்."

"அதுல என்ன இருக்கும்?"

"நிலா."

"அப்பா வீட்லயும் நிலாப் பால் உண்டா?"

"அங்க இல்ல ஆன்ட்டி. அங்க எறும்புதான். ஜெகன் மாமா ராத்திரி பூரா முழிச்சிருந்து, டார்ச் அடிச்சு, 'எங்கடி எறும்பு, இந்தா காட்டு'ன்னு ஒவ்வொரு சுவரா காட்டுவாரு. அப்புறம் எறும்பு போயிருச்சு. அப்புறம் நானே தூங்கிட்டேன்."

பாருங்கள், அவன் எப்படிப் பிள்ளை மனசை மயக்கி வைத்திருக்கிறான் என்று. ராத்திரி பூரா முழித்திருக்கிறவன் யோக்கியனா?

எஸ்தர் மேடம் என்னைப் பார்த்து, "டீச்சர், பால்ல என்ன ஊத்துறீங்க?" என்று கேட்டார். எனக்கு மறைக்க என்ன இருக்கிறது? அடுக்களைக்குள் போய் அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னாலிருந்து குப்பியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். "பாருங்க, இலை போட்டிருக்கு. சுத்த மூலிகை." அவர் கையுறை மாட்டிக்கொண்டு வாங்கினார். மூலிகையை வாங்கக் கையுறை! ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டினார். மிரு அன்றைக்குத்தான் அந்தக் குப்பியைப் பார்த்தாள். "இதுதான் நிலாவா பெரியம்மா?" என்று கேட்டாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். கதை என்று ஒன்று சொல்லியிருக்கிறோம், அதைக் கெடுக்கலாமா?

நீங்கள் ஏன் பையனை அந்தத் தோளுக்கு மாற்றுகிறீர்கள்? நான் ஒன்றும் செய்துவிட மாட்டேன் தாயி. பிள்ளை வாசனை பிடிக்கும், அவ்வளவுதான். நம்பர் வேண்டாமா? சரி, வேண்டாம் என்றால் விடுங்கள்.

நான் எங்கே போகிறேனா? மதுரைக்கு. ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். வாரா வாரம் போட வேண்டும். அந்த ஜெகனை விட்டுவிட்டார்களாம். சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இதோ, ஆண்டிபட்டி கணவாய் தாண்டியாயிற்று. உங்கள் ஊர் வந்துவிடும், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

பெண் போலீஸ் வெளியே போய் போன் பேசிவிட்டு வந்தாள். அன்றைக்கே பிள்ளையைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போக ஆர்டர் இல்லையாம். மறுநாள்தான் கிடைக்குமாம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஒரு ராத்திரி கிடைத்தால் போதும், வக்கீலைப் பார்த்துவிடலாம். எஸ்தர் மேடம், "ஒரு ராத்திரிகூட வேண்டாம். பிள்ளையா வந்தா கூட்டிட்டுப் போலாம்ல?" என்றார். நான் விட்டுக்கொடுப்பேனா? எனக்கு என் பிள்ளையைத் தெரியும்.

"கேளுங்க. அவளையே கேளுங்க. நான் பக்கத்துலகூட நிக்கல" என்று சொல்லிவிட்டு அடுக்களை வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். ராஜி படம் அங்கேதான் மாட்டியிருக்கிறது.

மேடம் பிள்ளைக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒன்று சொல்ல வேண்டும், அந்த அம்மா பொய் சொல்லி ஆசை காட்டவில்லை. சாக்லேட் தருகிறேன், பொம்மை தருகிறேன் என்று எதுவும் சொல்லவில்லை. "மிரு, உன்னைத் தூங்க வச்சது நிலா இல்ல. இந்த மருந்து. இது உனக்கு ஆகாது. இதைத் திடீர்னு நிறுத்தினா முன்ன மாதிரி வலிப்பு வரும். அதனால ஆஸ்பத்திரில வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்துவாங்க. டாக்டர் பக்கத்துலயே இருப்பாரு. ஆனாலும் கஷ்டமாத்தான் இருக்கும். சில நாள் தூக்கம் வராது."

"எறும்பு வருமா?"

"வரலாம்."

"எத்தனை நாளைக்கு?"

"எனக்குத் தெரியலடா. கொஞ்ச நாளைக்கு."

மிரு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்தேன். கையை நீட்டினேன். முப்பது வருஷத்தில் நான் கை நீட்டி வராத பிள்ளை கிடையாது.

"இங்கயே பெரியம்மாகூட இருக்கியா, இல்ல எங்ககூட ஆஸ்பத்திரிக்கு வரியா?" என்று மேடம் கேட்டார்.

மிரு சோபாவிலிருந்து இறங்கினாள். ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றாள்.